குன்னூர்ப் புல்வெளியில் தொலைந்த மோதிரங்கள்: மெட்டல் டிடெக்டருடன் மூன்று ஆண்டுகள்

மலைக்கு வருகிறவர்கள் ஏன் மோதிரத்தைத் தொலைக்கிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோவையிலும் சென்னையிலும் விரலில் இறுக்கமாக இருந்தது, குன்னூர்க் குளிரில் விரல் சுருங்கியதும் தளர்ந்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றினால் போதும், குழந்தையைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினால் போதும், கழன்று விழுந்துவிடும். விழுகிற இடமும் சாதாரணமில்லை. கிக்குயு புல் மெத்தை மாதிரி அடர்ந்து கிடக்கும். இரண்டு அங்குலம் உள்ளே போன பொருள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

என் அக்காவின் கல்யாண மோதிரம் அப்படித்தான் சிம்ஸ் பூங்காவில் போனது. பூங்கா மூடும்வரை நாலு பேர் மண்டியிட்டுத் தடவினோம். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அன்றிரவே மெட்டல் டிடெக்டருக்கு ஆர்டர் போட்டேன். ஒன்பது நாள் கழித்து கருவி வந்தது. பூங்காவில் சொல்லி அனுமதி வாங்கிப் போனேன். இருபது நிமிடத்தில் மோதிரம் என் கையில் இருந்தது. அன்று ஆரம்பித்தது இன்னும் விடவில்லை.

என்னிடம் இருப்பது வி.எல்.எஃப். வகை, அதாவது மிகக் குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்வது; தரைமேல் வீசித் தேடும் வட்டான காயில் ஒன்பது அங்குலம், நடுத்தர செல்போன் விலை. கம்பெனிப் பெயர் வேண்டாம்; நான் சொல்லப்போகும் குறைகள் இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்குமே பொதுவானவை.

வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று. இந்தப் பூங்காக்கள் தோட்டக்கலைத் துறையின் கையில் இருப்பவை. சிம்ஸ் பூங்கா 1874-லிருந்து இருக்கிறது, ஊட்டி தாவரவியல் பூங்கா அதைவிடவும் பழசு. அனுமதி இல்லாமல் கருவியும் கையுமாக உள்ளே போகக் கூடாது, புல்லில் கத்தி வைக்கவும் கூடாது. நான் போவது பொருளைத் தொலைத்தவர் கூப்பிட்டால் மட்டும்தான். அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்வேன், பூங்கா ஊழியர் ஒருவர் கூடவே நிற்பார். காட்டுப் பகுதிக்குள் இந்த வேலையே வேண்டாம்.

இனி கருவி. இது தங்கத்தைக் கண்டுபிடிக்கும் என்று விளம்பரத்தில் படித்துவிட்டு வாங்காதீர்கள். உலோகம் இருக்கும் இடத்தை இது காட்டும், அவ்வளவுதான். திரையில் வரும் எண், அந்தப் பொருளின் அளவையும் மின்கடத்தும் திறனையும் சேர்த்துச் சொல்லும் ஓர் எண். சின்னத் தங்க மோதிரத்துக்கு வரும் எண்ணேதான் கசக்கிய மாத்திரை அட்டைக்கும் சாக்லேட் சுற்றிய தாளுக்கும் வரும். குப்பை என்று நினைத்து அந்த எண்ணை ஒதுக்கிவைத்தால் மோதிரமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். முதல் ஆறு மாதம் நான் அப்படி ஒதுக்கித்தான் தேடினேன். எத்தனை மோதிரத்தின் மேல் நடந்தேனோ என்று இப்போதும் மனசு கனக்கிறது.

வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கிடைக்க அவ்வளவு கஷ்டமில்லை; உயர்ந்த எண், தெளிவான சத்தம். பழைய அலுமினியப் பத்துப் பைசா, அந்த அலை விளிம்புக் காசு, அதுவும் நன்றாகவே பேசும். இப்போதைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு என்பதால் எண் நிலையில்லாமல் தாவும். மிகவும் பாடாய்ப் படுத்துவது மெல்லிய சங்கிலி. கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனிச் சின்ன வளையமாகத்தான் கருவிக்குப் படும், அதனால் இரண்டு பவுன் சங்கிலிகூட ஒரு சின்ன முனகலோடு நின்றுவிடும். டாலரோ கொக்கியோ இருந்தால்தான் தப்பிக்கும். மூக்குத்தியும் திருகாணியும் மேல்மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் உண்டு, அதற்குக் கீழே என் காயிலுக்கு எட்டாது.

எங்கள் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். ஒவ்வொரு இடத்திலும் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது அந்த மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சரிக்கட்டுவது, செய்த பிறகே தேட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணே கத்தும். மின்கம்பிக்குக் கீழே சென்சிட்டிவிட்டியைக் குறைத்தே ஆக வேண்டும். தோண்டும்போது புல்லைப் பிய்த்து எடுக்காமல், மூன்று பக்கம் மட்டும் வெட்டி, புத்தக அட்டையைப் புரட்டுவது மாதிரி மடக்கித் திறந்து, வேலை முடிந்ததும் மூடி மிதித்துத் தண்ணீர் விடுவேன். பிப்ரவரி மார்ச்சில் இதையும் செய்வதில்லை, வேர் காய்ந்து போகும். அப்போது பொருள் இருக்கும் சரியான புள்ளியைக் காட்டும் கையளவு பின்பாயின்டரும் மொட்டையான ஸ்க்ரூ டிரைவரும்தான்.

சரி, பொருள் கிடைத்துவிட்டது. தேடி வந்தது வேறு, கிடைத்தது வேறு என்பது அடிக்கடி நடக்கும். மஞ்சளாக மின்னும் எல்லாவற்றையும் கையில் எடுத்தவுடன் நெஞ்சு படபடக்கும். தங்கமா கவரிங்கா என்று பார்க்கும் வேலை வீட்டில்தான்.

முதலில் சோப்புத் தண்ணீரில் மெதுவாக அலசுவேன், தேய்க்க மாட்டேன். தங்கம் எத்தனை மழை நனைந்தாலும் அதே நிறம். கவரிங் என்றால் உள்வளையத்தில், உடம்பில் படும் இடத்தில், பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். காந்தத்தை எல்லோரும் சொல்வார்கள். அது ஒட்டினால் தங்கமில்லை என்று தெரியும், ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. பித்தளையும் வெள்ளியும்கூடத்தான் ஒட்டாது.

நான் நம்புவது தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். காய்ந்த மோதிரத்தின் எடையைக் குறித்துக்கொண்டு, தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்து பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய மோதிரத்தை அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது காட்டும் எண்ணால் எடையை வகுத்தால் அடர்த்தி. போன நவம்பரில் கிடைத்த ஒரு மோதிரம் 4.08 கிராம், தண்ணீரில் 0.23 காட்டியது. வகுத்தால் 17.7. இருபத்திரண்டு காரட் என்றால் 17.6-லிருந்து 18-க்குள் வரும், பதினெட்டு காரட் 15-16, வெள்ளி பத்தரைக்குப் பக்கம், பித்தளை எட்டரையைச் சுற்றி.

ஆனால் கணக்கின் பலவீனத்தையும் பாருங்கள். அதே அரைப் பவுன் மோதிரத்தில் தராசு 0.01 பிசகி 0.24 காட்டியிருந்தால் விடை 17 ஆகிவிடும். மூக்குத்திக்கு இந்தச் சோதனை உதவாது. கல் பதித்ததற்கும், உள்ளே அரக்கு நிரப்பிய பழைய நகைக்கும் உதவாது. காற்றுக் குமிழி ஒட்டினாலும் தப்பாகும். ஒரு சொட்டு சோப்பு போட்டால் குமிழி நிற்காது. ஒரு முறை 15-ஐ ஒட்டி வந்ததும் பதினெட்டு காரட் என்றே முடிவுகட்டிவிட்டேன். அது முலாம் பூசிய டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள். அதன் அடர்த்தியும் அங்கேதான் நிற்கும்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அப்பர் பஜார் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பத்தர் தாத்தா. உரைகல்லில் மெல்ல இழுத்தார், கோடே விழவில்லை. "கல்லையே கீறுது கண்ணு, இது தங்கமா இருக்குமா?" என்றார். நல்ல தங்கம் கல்லில் வெண்ணெய் மாதிரி படியும். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மாற்று (தரம்) தெரிந்த தங்கத்தை உரைத்து, இரண்டின் மேலும் ஒரு சொட்டு திராவகம் விடுவார். பித்தளைக் கோடு பச்சையாகக் கொதித்து மறையும், இருபத்திரண்டு காரட் அசையாமல் நிற்கும். முலாம் கெட்டியாக இருந்தால் மேல் உரசல் ஏமாற்றும், அரம் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். "அடுத்தவங்க பொருள்ல நான் அரம் வைக்க மாட்டேன், நீயும் வைக்காதே" என்று அன்றே சொல்லிவிட்டார். திராவகத்தை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. நைட்ரிக் அமிலத்தின் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

சோதித்துப் பார்ப்பது விலை தெரிந்துகொள்ள அல்ல. காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது "மஞ்சள் உலோக மோதிரம்" என்று எழுதுவதற்கும், எடை, அடர்த்தி, உள்முத்திரை எல்லாம் சேர்த்து எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நாளைக்கு உரிமையாளர் வந்து அடையாளம் சொல்ல அதுதான் ஆதாரம்.

உரிமையாளரைத் தேடுவதற்கு மிகவும் உதவுவது எச்.யு.ஐ.டி., ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பதிக்கும் ஹால்மார்க் அடையாளக் குறி. 2023 ஏப்ரல் 1-லிருந்து ஆறு எழுத்து-எண் கொண்ட இந்தக் குறி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்க முடியாது. இரண்டு கிராமுக்குக் கீழே விலக்கு உண்டு. உள்வளையத்தை பூதக்கண்ணாடியில் பார்த்து அதைப் படித்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால், எந்தக் கடை ஹால்மார்க் செய்ய அனுப்பியது என்று வரும். அந்த 4.08 கிராம் மோதிரத்துக்கு அப்படித்தான் வழி கிடைத்தது. ஈரோட்டுக் கடைக்கு போன் செய்தேன், அவர்கள் பில்லைப் பார்த்து வாடிக்கையாளரைக் கூப்பிட்டார்கள். புதுமணத் தம்பதி. அந்தப் பெண் போனில் "அண்ணா, நிஜமாவா?" என்று மூன்று முறை கேட்டாள்.

கண்டெடுத்ததை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் நகையைத் தனதாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவில் குற்றம். மண்ணுக்குள் மறைந்திருந்த பழம்பொருளாகத் தெரிந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பு பத்தே ரூபாயைத் தாண்டினால் போதும், அந்தச் சட்டம் பொருந்தும்.

கருவியில் எனக்கு இருக்கும் குறை இரண்டு. கன்ட்ரோல் பாக்ஸுக்குள் பனியீரம் இறங்கி ஒரு டிசம்பரில் திரை மங்கிப் போனது. இப்போது மழை உறை போட்டுத்தான் வெளியே எடுக்கிறேன். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது, அதனால் இன்னொரு செட்டை உள் பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்கிறேன். மற்றபடி மூன்று வருட உழைப்புக்கு நல்ல கருவி.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பக்கத்து வெலிங்டனில் இருந்து வரும் ஓர் அம்மாவின் வைரத் தோட்டுத் திருகாணி, அவர் மாமியார் கொடுத்தது, பூங்காவின் கீழ்ப்பக்க பெஞ்சருகே விழுந்தது. மூன்று முறை தேடினேன், என் காயிலுக்கு எட்டவில்லை. சின்னப் பொருளை இன்னும் கூர்மையாகப் பிடிக்கும் ஐந்து அங்குலக் காயில் ஆர்டர் போட்டிருக்கிறேன். மே மாதப் பழக் கண்காட்சிக் கூட்டம் அந்தப் புல்லை மிதிப்பதற்கு முன் அது வந்துவிட வேண்டும்.