பயிற்சி ட்ரீட்: பிஸ்கட், சிக்கன் ஸ்டிக், நெத்திலி, ஈரல் நான்கும் வாங்கிப் பார்த்தாச்சு

எங்கள் மணி நாட்டு நாய். புதுச்சேரி லாஸ்பேட்டையில் மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கிய குட்டி, இப்போது ஒன்றரை வயது, 15 கிலோ. வீட்டுக்குள் "உட்கார்", "வா" எல்லாம் சொன்னபடி கேட்பான், ஆனால் விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போனால், காந்தி சிலைப் பக்கம் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தாலே போதும், நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். அதற்காகத்தான் ட்ரீட், அதாவது சொன்னதைக் கேட்டதும் பரிசாகக் கொடுக்கும் தீனி, இரண்டு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன்.

முதலில் எலும்பு வடிவ பிஸ்கட். பெட் ஷாப்பில் "ட்ரெயினிங்குக்கு எல்லாரும் இதுதான் சார் வாங்குறாங்க" என்று எடுத்துக் கொடுத்தார்கள். மணிக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் வாங்கியவுடன் தரையில் படுத்துக்கொண்டு நறுக் நறுக்கென்று கடித்து, சிந்திய தூளை மொசைக் இடுக்கு வரைக்கும் நக்கி முடித்துத் தலை நிமிரப் பத்து விநாடிக்கு மேல் ஆகிவிடும், அதற்குள் எதற்காகக் கிடைத்தது என்பதே அவனுக்கு மறந்திருக்கும். சொன்னதைச் செய்ததும் ஓரிரு விநாடிக்குள் வாயில் விழ வேண்டும், மெல்லாமல் விழுங்கிவிட்டு அடுத்ததற்கு நம் முகத்தைப் பார்க்க வேண்டும், பயிற்சி ட்ரீட் என்றால் அதுதான். உடைத்துக் கொடுக்கலாம் என்றால் சட்டைப்பை முழுக்கத் தூள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், முதலில் இருந்தது கோதுமை மாவு. எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும், கோழி எங்கோ கடைசியில் இருந்தது.

அடுத்து மெத்தென்ற சிக்கன் ஸ்டிக். இது பரவாயில்லை. கத்தரிக்கோலால் பட்டாணி அளவுக்கு நறுக்கலாம், உதிராது, ஒரு குச்சியில் இருபது துண்டு வரும். மொட்டைமாடியிலும் தெருவிலும் நன்றாக வேலை செய்தது, கடற்கரையில் மட்டும் பாதி நாள் காக்காவே ஜெயித்தது. விலையும் கொஞ்சம் அதிகம். பிரித்தபின் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர் கடல் காற்றுக்கு வெளியே வைத்தால் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.

கடலூர் முதுநகரில் அக்கா வீடு இருப்பதால் நெத்திலி கருவாடும் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மணி நேராக உட்கார்ந்துவிட்டான்! ஆனால் உப்புக் கருவாடு நாய்க்கு வேண்டாம், உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மணல் ஒட்டியிருக்கும், அலசித் திரும்பக் காயவைக்க வேண்டும். தலையைக் கிள்ளிவிட்டு இரண்டாக ஒடித்தால் சரியான அளவு. கை நாற்றம்தான் மதியம் வரைக்கும் போகாது.

கடைசியாகக் கோழி ஈரல். கால் கிலோ வாங்கி, உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, ஆறியதும் சின்னச் சின்னதாக நறுக்கி, பழைய இரும்புச் சட்டியில் சிறு தீயில் ஈரம் போகப் புரட்டி எடுத்தால் கையில் ஒட்டாது. மூன்று நாளுக்கானதை ஃபிரிட்ஜிலும் மீதியை ஃபிரீசரிலும் வைக்கிறேன். இதைக் கொண்டுபோன முதல் நாளே, காக்காவை நோக்கிப் பாதி தூரம் ஓடியவன் "மணி, வா" என்றதும் காதை மடக்கித் திரும்பி ஓடிவந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒரே துண்டோடு நிறுத்தவில்லை, தொடர்ந்து ஐந்து கொடுத்தேன், அந்த மாதிரி நேரத்தில் கஞ்சத்தனம் கூடாது.

ஆனால் தினமும் ஈரலே கொடுக்காதீர்கள், அதில் வைட்டமின் ஏ ரொம்ப அதிகம், வயிறும் இளகும். வீட்டுப் பயிற்சிக்கு வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியே போதும், ஈரலைக் கடற்கரைக்கு மட்டும் எடுத்து வையுங்கள். எந்த ட்ரீட் ஆனாலும் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், கொடுத்த அளவுக்கு ராத்திரி சோற்றில் குறைத்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம், வீட்டில் மிஞ்சிய குழம்புக் கறியைக் கழுவிக் கொடுப்பதுகூட வேண்டாம்.

இப்போது வாங்குவது ஈரலும் நெஞ்சுக்கறியும்தான், வெளியூர் போகும்போது மட்டும் ஒரு பாக்கெட் சிக்கன் ஸ்டிக். மிச்ச பிஸ்கட்டைத் தெருமுனை நாய்களுக்குக் கொடுத்துவிட்டேன், அவை ஆசையாகத்தான் சாப்பிட்டன.