ஹரிகேன் வட்டத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளி: 3,500 ரூபாய் போன கதை

ஐஎல்-2 ஸ்டர்மோவிக் 1946 என்ற போர் விமானக் கம்ப்யூட்டர் ஆட்டத்தை இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும் நம்மூர் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் "இந்திய விமானங்கள் 4கே ஸ்கின் பேக், ஃபுல் கிராபிக்ஸ் அப்கிரேடு" என்று ஒரு தம்பி விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்கின் என்றால் ஆட்டத்தில் விமானத்தின் மேல் போர்த்தும் பெயிண்ட் படம். 12 விமானம், 3,500 ரூபாய். நான் கொடுத்து ஏமாந்தேன். நீங்கள் கொடுக்காதீர்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணி, பார்ப்பதுதான் சோலி. பையர் கேட்ட நீலத்துக்கும் டையிங்கில் இருந்து வந்த நீலத்துக்கும் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் விமானம். 2006 கடைசியில் வந்த ஆட்டம் என்பதால் என் பழைய கம்ப்யூட்டரே அதற்குத் தாராளம். சூலூர்ப் பக்கம் போகும்போது தேஜஸ் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனால் வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்க்கிற சாதி நான்.

ரொம்ப நாளாக ஒரு ஆசை. 1944-ல் பர்மா எல்லைப் பக்கத்து இம்பாலில் நம் விமானப்படையின் ஒன்றாம் ஸ்குவாட்ரன் ஹரிகேன் என்ற போர் விமானத்தை ஓட்டியது. தலைமை அர்ஜன் சிங். ஆட்டத்தில் ஹரிகேன் இருக்கிறது, ஆனால் என்னிடம் இருந்த ஸ்கின் எல்லாம் இங்கிலாந்தும் ரஷ்யாவும்தான். அந்த இம்பால் ஹரிகேனை ஒரு தடவையாவது அதன் சொந்தச் சட்டையில் பறக்கவிட வேண்டும் என்று இருந்தது. குழுவில் இதைச் சொன்ன அன்றைக்கே தம்பி தனியாக மெசேஜ் போட்டான்.

"பர்மா ஹரிகேன் நம்மகிட்ட ரெடியா இருக்குதுங்ணா. நானே கையில பண்ணுனது."

கூடவே நாலு படம். எக்சாஸ்டுக்குப் பின்னால் புகைக்கறை, இறக்கை விளிம்பில் பெயிண்ட் உரிந்து அலுமினியம் எட்டிப் பார்க்கிறது. விழுந்துவிட்டேன். ஓடுதள ஓரத்தில் புல் இதழ் இதழாக நிற்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நம் ஆட்டத்தில் புல் என்றால் தரையில் ஒட்டிய பச்சைப் படம், அவ்வளவுதான். அவை வேறு ஏதோ புது ஆட்டத்தின் படங்கள்.

1,750 முன்பணம், மீதி முடிந்த பிறகு என்று பேச்சு. என் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்க எனிடெஸ்க் போடச் சொன்னான், ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னான், இரண்டுக்கும் தலையாட்டினேன். அரை மணி நேரம் மவுஸ் தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "முடிஞ்சுதுங்ணா, இன்னொரு ஆளு வெயிட் பண்றாரு, பேலன்ஸைப் போட்டு உட்ருங்க" என்றான். ஆட்டத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஜிபே செய்தேன். ஆபீசில் சாம்பிள் பார்க்காமல் ஒரு பில்லுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன், இங்கே போட்டேன்.

திறந்தேன். ஹரிகேன் வந்தது, மேலே பழுப்பும் பச்சையும், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேமராவைச் சுற்றினால் இறக்கையில் எந்த நாட்டு விமானம் என்று காட்டும் அடையாள வட்டத்துக்கு நடுவில் சிவப்பு.

விவரம் தெரியாதவர்களுக்கு: பர்மாப் பக்கம் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டத்தில் சிவப்பு கிடையாது. ஜப்பான்காரன் விமானத்தில் பெரிய சிவப்பு வட்டம் இருக்கும். அவசரத்தில் நம் சிவப்புப் புள்ளியைப் பார்த்து அவன்தான் என்று நம் ஆளே சுட்டுவிடுவான். அதனால் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் வைத்தார்கள். இதே பயத்தில் அமெரிக்கர்களும் 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பை அழித்தார்கள். இம்பால் ஹரிகேன் என்று விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

போன் போட்டேன்.

"தம்பி, வட்டத்துக்கு நடுவுல செவப்பு இருக்குதே?"

"அப்பத்தானுங்ணா எடுப்பாத் தெரியும்."

"பர்மாவுல செவப்பு வராது கண்ணு."

"அது கேமே போடறதுங்ணா. நம்ம கையில இல்லீங்க."

இந்தப் பதில் பாதி உண்மை. விமானத்துக்கு ஆயுதம் தேர்ந்தெடுக்கும் திரையில் 'மார்க்கிங்ஸ்' என்று ஒரு டிக் இருக்கிறது. அது போட்டிருந்தால் அந்தந்த நாட்டு வட்டத்தை ஆட்டமே ஸ்கின் மேல் ஒட்டும். டிக்கை எடுத்துவிட்டுப் பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. அதாவது ஸ்கின்னிலேயே வரைந்த சிவப்பு. ஐரோப்பாவில் பறந்த ஏதோ ஒரு ஹரிகேனை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான்.

அதற்குப் பிறகு கோப்பையே பிரித்தேன். பெயின்ட்ஸ்கீம்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கின்ஸ், அதற்குள் ஹரிகேன். ரைட் கிளிக் பண்ணி ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் 1024-க்கு 1024, 8 பிட், அதாவது மொத்தமே 256 நிறம். கோப்பு ஒரு எம்பி. இந்த ஆட்டத்து ஸ்கின்னுக்கு அதுதான் வழக்கமான அளவு, தப்பில்லை. ஆனால் 4கே என்றால் 4096 இருக்க வேண்டும், இதைப்போல் 16 மடங்கு புள்ளிகள். "4கே" என்பது கோப்பின் பெயரில் மட்டும் இருந்தது.

ஸ்கின் என்பது டி-சர்ட் பேட்டர்னை மேஜையில் விரித்த மாதிரி. இறக்கை ஒரு துண்டு, உடம்பு இரண்டு துண்டு, வால் ஒரு துண்டு, இடையிடையே எதிலும் ஒட்டாத காலி இடம். வரைந்தவர்கள் அந்தக் காலி இடத்தில்தான் பெயர் எழுதி வைப்பார்கள். 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. தேய்ப்புக்கு வெளியே ஒரு எழுத்தின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற 11-லும் இதே கதைதான். இலவசமாக ஸ்கின் வைத்திருக்கும் தளங்களில் தேடினேன், ஒரு மணி நேரத்தில் ஏழு அகப்பட்டன. அங்கே எல்லாவற்றிலும் பெயர் முழுசாக இருக்கிறது.

பணம்கூடப் போகட்டும். அவன் ஃபோல்டரை மேலெழுதியதில் யூசர்ஸ் ஃபோல்டர் காலி. என் பைலட், கன்ட்ரோல் செட்டிங், நாலு வருசத்துக் கணக்கு எல்லாம் போச்சு. அதற்குப் பதிலே இல்லை, நம்பரை பிளாக் செய்துவிட்டான். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நானே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், பெரிதாக எதிர்பார்ப்பு இல்லை. ஆன்டிவைரஸை நிறுத்திய மெஷின் என்பதால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டு, பாஸ்வேர்டு அத்தனையும் மாற்றினேன்.

அழிப்பதற்கு முன் ஆட்டத்தின் செட்டிங் எல்லாம் இருக்கும் கான்ஃப் கோப்பைப் பார்த்தேன். "கிராபிக்ஸ் அப்கிரேடு" என்று அவன் தொட்டது திரை அளவு வரிகளை மட்டும்தான். நிஜமாகவே மாற்ற வேண்டியவை இவை, பைசா செலவில்லை: செட்டப்பில் டைரக்ட்எக்ஸை விட்டு ஓபன்ஜிஎல்லுக்குப் போங்கள், அதில்தான் தரைக்காட்சியில் 'பெர்ஃபெக்ட்' வரும். கான்ஃப் கோப்பில் டெக்ஸ்கம்ப்ரெஸ் 0, டெக்ஸ்குவால் 3. கம்ப்ரெஸ் ஏறினால் ஸ்கின்னில் சாயம் திட்டுத்திட்டாக ஊறின மாதிரி தெரியும். கிராபிக்ஸ் கார்டின் கன்ட்ரோல் பேனலில் அனிசோட்ரோபிக் 16, கூடவே ஆன்டி-அலியாசிங். இவற்றைச் செய்ததற்கே இறக்கையில் ரிவெட் வரிசை எண்ணுகிற அளவுக்குத் தெரிந்தது.

சிவப்பை நானே எடுத்தேன். எழுதியவர் பெயர் அழியாத மூலக் கோப்பை இறக்கி, கிம்ப் என்ற பட எடிட்டரில் திறந்து, மூன்று ராத்திரி. வெளிர்நீலம் மட்டும் ஆறு ஷேடு போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. கடைசியில் 256 நிற இன்டெக்ஸ்டுக்கு மாற்றி பிஎம்பியாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டம் எடுத்துக்கொள்ளாது. மூலையில் அவர் பெயருக்குக் கீழே சின்னதாகத் 'திருப்பூர்' என்று எழுதி, குழுவில் சும்மாதான் போட்டேன்.

போன வாரம் பல்லடத்துக்காரர் ஒருவர் ஒரு கோப்பை அனுப்பி, "3,500 கொடுத்து வாங்குனேனுங்க, சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார். திறந்தேன். கருநீலத்துக்குள் வெளிர்நீலம், சிவப்பு எங்கேயும் இல்லை. வலது கீழ் மூலையைப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு, அதற்கு வெளியே என் 'ரு'வின் வால்.