மரைன் டேங்க் மாற்றுவது: ஒரே நாளிலா, ஆறு வாரத்திலா?

மரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியின் ஓரத்தில் சிலிக்கான் பசை விட்டுக் கசிய ஆரம்பித்தாலும் சரி, மீன் வளர்ந்து இடம் பற்றாமல் போனாலும் சரி, புதுத் தொட்டி வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கியதும் இரண்டு கட்சி வந்துவிடும். பழைய கல், பழைய ஃபில்டரோடு ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்பது ஒரு கட்சி. புதுத் தொட்டியைத் தனியாக ஓடவிட்டு, சைக்கிள் (கழிவை மாற்றும் பாக்டீரியா வளர்ந்து நிலைப்பது) முடிய நாலு முதல் ஆறு வாரம் பொறுத்து மீனை விட வேண்டும் என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. ஒரே நிபந்தனை, பழைய மணலை அப்படியே அள்ளிக்கொண்டு போகக் கூடாது.

காரணம் எளிது. மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தண்ணீரில் அவ்வளவாக இருக்காது. கல், மணல், ஸ்பான்ஜ், செராமிக் ரிங் இவற்றின் மேல்தான் ஒட்டிக்கிடக்கும். கல்லைக் காயவிடாமல் மாற்றினால் அதுவும் கூடவே வந்துவிடும். இந்தியாவில் இதற்கு இன்னும் மதிப்பு அதிகம். பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லைப் புதிதாக வாங்கிப் போடும் வழி கிடையாது. காய்ந்த செயற்கைக் கல்லில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பல மாதம் ஓடிப் பழகிய கல் கையில் இருக்கும்போது அந்தக் காத்திருப்பு எதற்கு?

இரண்டாவது வழிக்கு இடமும் வேண்டும். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரத் தொட்டியை நிரப்பினால் ஏறத்தாழ 255 லிட்டர். கல், கண்ணாடி சேர்த்தால் 300 கிலோ தாண்டும். ஃபிளாட் ஹாலில் இப்படி இன்னொரு ஸ்டாண்டை ஒன்றரை மாதம் யார் பொறுத்துக்கொள்வார்கள்? ஹீட்டர், பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) எல்லாம் இரண்டு செட் வேறு.

ஆனால் பழைய கல் முழுக்க அய்ப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் சாமந்தி பரவிக் கிடந்தால் இரண்டாவது வழிதான் சரி. வெள்ளைப்புள்ளி நோய் வந்த தொட்டிக்கும் அதே வழி என்பார்கள். அது பாதி உண்மை. மீன் இல்லாமல் 76 நாள் விட்டால் அந்த ஒட்டுண்ணி மடிந்துவிடும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் மீன் தன் உடம்பிலேயே அதைச் சுமந்து வரும். தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பார்க்காமல் புது வீட்டில் விட்டால், புது வீட்டிலும் அதே கதைதான்.

இப்போது மணல். பழைய மணலைக் கிளறிப் பாருங்கள்: மேலே வெள்ளை, அடியில் சாம்பல், அதற்கும் கீழே கறுப்பு. அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. பல மாதக் கழிவு ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்தால், ஏற்கெனவே அரண்டுபோன மீனுக்கு அமோனியாவும் சேரும். புது மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிப் போடுங்கள். ஆசைக்கு, பழையதின் மேல் அடுக்கிலிருந்து ஒரு கப் தூவினால் போதும்.

பழைய தண்ணீர் முழுதாகவா, புதுசா? பாதிப் பாதிதான் என் தேர்வு. பழைய தண்ணீரில் பாக்டீரியா பெரிதாக வராது. மீனுக்குப் பழகிய வேதிநிலை வரும், உப்புச் செலவும் குறையும். மேல் தண்ணீரை மட்டும் சைஃபன் செய்து, கலங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். மீதியை ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று கூடுதலாக மரைன் டேங்க் உப்புப் போட்டு, முந்தின நாளே கலக்கி ஓடவிட வேண்டும். இரண்டு தொட்டியும் ஒரே அடர்த்தி, அதாவது நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால் 1.025, ஒரே வெப்பம் காட்டுகிறதா என்று பாருங்கள். மாதாந்திர மின்தடை நாளைத் தவிர்ப்பதும் நல்லது; பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அருகில் இருக்கட்டும்.

பிடிக்கும்போது வலையோடு மீனைத் துரத்த வேண்டாம். முதலில் கல்லை எடுத்துப் பழைய தண்ணீர் உள்ள டப்பில் வையுங்கள். பொந்துக்குள் கோபி என்ற சிறு மீன் ஒளிந்திருக்கும், ஒவ்வொரு கல்லையும் பாருங்கள். தண்ணீர் மூன்றில் ஒரு பங்கானதும் பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டுவிடலாம். டாங் மீனின் வால் முள் வலையில் மாட்டினால் மீனும் கிழியும், கையும் கிழியும்.

புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மீனைப் பழக்குவது அவசியமா? இரண்டு தண்ணீரும் ஒத்திருந்தால் தேவையே இல்லை. கூரியரில் பையில் வந்த மீனுக்கோ அது கெடுதலும் செய்யும்: பையைத் திறந்ததும் கார்பன்டைஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும், அதோடு அமோனியாவின் விஷமும் ஏறும். வீட்டுக்குள் மாற்றும்போது அடர்த்தியும் வெப்பமும் சமமென்றால் நேராக விடலாம்.

யாரை முதலில் விடுவது என்பது முக்கியம். கூச்சமான ஃபயர்ஃபிஷ், கோபி முதலில். தாதா வேலை செய்யும் டாம்சல் மீன் கடைசியில். கல் அடுக்கும் மாறியிருப்பதால் பழைய எல்லைச் சண்டை கொஞ்சம் அடங்கும். ஃபயர்ஃபிஷ் துள்ளும், பக்கெட்டுக்கும் தொட்டிக்கும் மூடி வேண்டும். அன்று இரவு விளக்கும் தீனியும் வேண்டாம். ஒரு வாரம் தினமும் அமோனியா டெஸ்ட் செய்து, ஏதாவது காட்டினால் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள்.