முதியவருக்கு வயிற்றுநோ: திருகோணமலை மருந்துக்கடைகளில் கிடைக்கும் மூன்று கருவிகளில் எது உதவும்?

திருகோணமலை மருந்துக்கடைகளில் வீட்டுப் பாவனைக்கு டிஜிட்டல் வெப்பமானி, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி, பிறஷர் மெஷின் மூன்றும் கிடைக்கின்றன. எழுபதைத் தாண்டிய ஒருவர் வயிற்றுநோ என்று படுத்தால் இவற்றில் எதை நம்புவது?

மூன்றிலும் மலிவான வெப்பமானிதான் அதிகம் ஏமாற்றும். கருவியில் பிழையில்லை. வயதான உடம்பு கிருமித்தொற்றுக்கு இளம் உடம்பைப்போலச் சுடாது. குடல்வளரி வெடித்திருந்தாலும், பித்தப்பையில் சீழ் கட்டியிருந்தாலும் காய்ச்சல் 100 பாகை பரனைட்டை எட்டாமலே இருக்கலாம். மூட்டுநோவுக்குத் தினமும் பரசிட்டமோல் போடுபவருக்கு அந்தச் சிறு சூடும் தெரியாது. சதை வற்றிய கமக்கட்டில் வெப்பமானியின் முனை தோலோடு ஒட்டி நிற்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையும் சேர்ந்து அளவைக் கெடுக்கும். நாக்கின் கீழ் வைப்பதே நல்லது. தேநீர் குடித்திருந்தால் அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். சுகமாக இருக்கும் நாட்களிலேயே அவரது வழமையான அளவைக் குறித்து வையுங்கள். அதைவிட 2 பாகை ஏறினாலோ, திரும்பத் திரும்ப 99க்கு மேல் காட்டினாலோ அது அவருக்குக் காய்ச்சல்தான்.

ஒட்சிசன் மானியில் எல்லோரும் சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள். வயிற்றுத் தொற்றில் பக்கத்தில் வரும் நாடித்துடிப்பு எண்ணும் முக்கியம், தொற்றில் அது ஏறலாம். விரல் குளிர்ந்திருந்தால் சூடாக்கிவிட்டு, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். துடிப்பைக் குறைக்கும் அட்டெனொலோல் போன்ற பிறஷர் மாத்திரை எடுப்பவருக்குத் தொற்று முற்றினாலும் துடிப்பு ஏறாமல் இருக்கலாம். அவருக்கு இந்தக் கருவியை மட்டும் நம்புவது ஆபத்து.

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் பிறஷர் மெஷினை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவதே சரி. மெலிந்த கைக்குப் பெரிய பட்டி குறைத்துக் காட்டும் என்பதால் கையின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அளவை வாசிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மேல் எண் வழமையாக 150 இருப்பவருக்கு 110 வந்தால் "நல்ல பிறஷர்" என்று நிம்மதி அடைகிறார்கள். அது இறக்கம், தொற்று இரத்தத்தில் பரவத் தொடங்கியதன் அடையாளமாகவும் இருக்கலாம். மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கருவியே தேவைப்படாத அளவு ஒன்றும் உண்டு. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால் கவனம். திடீரென ஆள் மாறிப் பேசுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, நாள் முழுக்கத் தூங்குவது எல்லாம் காய்ச்சலுக்கு முன்பே வரலாம். வயிற்றை அழுத்தினால் மென்மையாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். தசை மெலிந்த வயிறு, உள்ளே குடல் ஓட்டையானாலும் பலகைபோல இறுகாமல் இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவருக்கும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மாத்திரை எடுப்பவருக்கும் நோவே குறைவாகத் தெரியலாம்.

விடியட்டும் பார்ப்போம் என்று இரவைக் கடத்தினால் வெடிக்காத குடல்வளரியும் வெடிக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. குறித்து வைத்த அளவுகளையும் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், முக்கியமாக டைக்ளோபெனக் போன்ற நோ மாத்திரைகளையும், கையோடு கொண்டு போங்கள்.