பொங்கலன்று வேலைக்குப் போன 23 பெண்கள்

பொதுக்கொள்கை முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்கள், அதிலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், ‘சர்வே நாங்களே எடுத்துத் தருகிறோம்’ என்று சொல்லும் ப்ராஜெக்ட் சென்டர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். தப்பில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை.

என் தலைப்பு, தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். மிச்சமாகும் காசு வீட்டில் எதற்குப் போகிறது என்பது கேள்வி. சென்னைப் பேருந்து நிறுத்தங்களில் 300 பெண்களிடம் பேச வேண்டும். எனக்கோ ஞாயிறு தவிர லீவு கிடையாது. கூடப் படித்தவர் ஒரு சென்டரைக் காட்டினார்.

அங்கே இருந்தவர் பேச்சில் தேன் ஒழுகியது. “ஃபீல்டு ஸ்டாஃப் நாலு பேர் இருக்காங்க மேடம், பத்து நாள்ல எக்ஸெல் ஷீட் உங்க கையில.” பணத்தை ஜிபேயில் இரண்டு தவணையாக அனுப்பினேன். பில் கேட்டால், “முடிச்சுட்டு மொத்தமா தரேன்.” சரி என்று வந்துவிட்டேன்.

ஷீட் வந்தது. எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளிவிவர மென்பொருளில் போட்டால் எல்லாம் நான் நினைத்தபடியே வருகிறது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். 300 பேரில் ஒருவர்கூடவா “பஸ் வந்துடுச்சு” என்று பாதியில் ஓடவில்லை?

என் கைடு பத்து நிமிடம்தான் பார்த்தார். “ஏம்மா, பொங்கலன்னிக்குக் காலைல எட்டரைக்கு எந்த ஆபீஸ் திறந்திருக்கும்?” தேதி ஜனவரி 15, 2024. வேலைக்குப் போகிறோம் என்று 23 பெண்கள் சொன்னதாக எழுதியிருந்தது. அடுத்தது டீலக்ஸ் பேருந்து. அதில் போகிறவர்கள் செலவு பூஜ்யம் என்று இருந்தது. இலவசம் சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான், டீலக்ஸில் கிடையாது. ஒருநாள் நிறுத்தத்தில் நின்றிருந்தாலே தெரிந்திருக்கும். ‘கண்டக்டர் டிக்கெட் கொடுத்தாரா’ என்ற கேள்விக்கு 300 பேரும் ‘இல்லை’. உண்மையில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துத்தான் கொடுக்கிறார்கள். ஓசிதானே, டிக்கெட் எதற்கு என்று மேசையில் உட்கார்ந்தபடி யாரோ முடிவு செய்திருக்கிறார்.

போன் செய்தேன். “ஸ்டாஃப் தப்பு பண்ணிட்டான் மேடம், திருத்தித் தரோம்.” கால் மணி நேரத்தில் புது ஷீட் வந்தது. 15 எல்லாம் 17 ஆகியிருந்தது. அது காணும் பொங்கல்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. “நீங்க எங்ககிட்ட வாங்கினதை உங்க காலேஜுக்குச் சொல்லட்டுமா?” நுகர்வோர் உதவி எண் 1915 எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கையில் பில் இல்லை, அதைவிட வெட்கம். இவர்கள் தொழில் ஓடுவதே இந்த வெட்கத்தில்தான்.

இன்னொரு கூத்து. இதே சென்டர் என் தோழிக்கு பிஎல்எஃப்எஸ் தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவை 4,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் அது சும்மாவே இறங்கும்.

ஆள் வைத்துத்தான் சர்வே எடுக்க வேண்டும் என்றால், முதலில் கைடிடம் சொல்லிவிடுங்கள், ஆய்வேட்டிலும் அதை எழுதுங்கள். கையால் நிரப்பிய படிவங்களைக் கேளுங்கள். எந்த நிறுத்தம், எத்தனை மணி என்று அதில் இருக்க வேண்டும். ஒருநாள் சொல்லாமல் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். இதற்கெல்லாம் மழுப்பினால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஒரு செமஸ்டர் போனது. கைடு 300-ஐ 90 ஆகக் குறைக்கச் சம்மதித்தார். ஆபீஸுக்கு முன்னால், காலை ஆறரை முதல் எட்டு வரை, சைதாப்பேட்டை நிறுத்தத்தில் நானே நின்றேன். இப்போது என் ஷீட்டில் 31 வரிகள் பாதியில் நிற்கின்றன. பஸ் வந்துவிட்டது.