சிவகாசில வேலைன்னா பட்டாசா, அச்சடிக்கிற பிரஸ்ஸா?

கையில உடனே காசு வேணும்னா பட்டாசுதான், பீஸ் ரேட்டுல வேகமா கை ஓடுறவங்களுக்கு வாரக்கூலி நல்லாவே வரும், ஆனா மழை பெஞ்சா வேலை இல்ல, 2018ல சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பட்டாசுல போடுற பேரியம்ங்கிற ரசாயனத்துக்கும் தடை போட்டதுல இருந்து சரம் பின்னுறவங்க பாடு திண்டாட்டம், வெடிவிபத்து பயம் வேற.

பிரஸ்ல ஆரம்பத்துல சம்பளம் கம்மிதான். ஆனா ஆஃப்செட் மெஷின் ஓட்டக் கத்துக்கிட்டா சென்னை, கோவைன்னு எங்க போனாலும் பொழச்சுக்கலாம். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம், அதான் புது வருஷ காலண்டர் மாடல் புக்கு, வந்துட்டா டிசம்பர் வரைக்கும் ஓவர்டைம்தான், அப்புறம் கொஞ்சம் டல்லு, பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் வந்தா ஓடிரும்.

என்னைக் கேட்டா சின்னப் பசங்க பிரஸ்ஸுக்கே போங்கப்பா. கடன் கழுத்த நெரிக்கிற வீட்டுல போய் இதைச் சொன்னா திட்டுதான் விழும், அதுவும் நியாயம்தான்.