மெல்லிய தகட்டுத் தொட்டிகளும் என் 200 ஆம்பியர் டிக் மெஷினும்: பழுதுநீக்கி வந்த பிறகு எழுதும் அனுபவம்

ஆர்க் (டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரிந்து உலோகத்தை உருக்கும் மின்வில்) தொடங்க மறுத்ததால் பழுதுநீக்கப் போயிருந்த என் டிக் வெல்டிங் மெஷின், அதைத் தொடங்கிவைக்கும் பொறியைத் தரும் உயர் அதிர்வெண் போர்டு மாற்றப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. டங்ஸ்டன் முனையால் உருக்கி, ஆர்கான் வாயுவால் காற்றுப் படாமல் காத்து இணைப்பதுதான் டிக் முறை. அதே வாரத்தில், வீட்டுப் பட்டறையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள் செய்ய ஆசைப்படும் நண்பர் ஒருவர் இதே மெஷினைத் தானும் வாங்கலாமா என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியவில்லை. ஆகவே பல ஆண்டுகள் இதோடு வேலை செய்து அறிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். டிசி (ஒரே திசை மின்னோட்டம்) மட்டும், பல்ஸ் (கரண்ட் துடிப்பாக ஏறி இறங்குவது) உண்டு, 2டி, 4டி (டார்ச் எனும் கைப்பிடியின் பொத்தானை இயக்கும் இரு முறைகள்) உண்டு என்பன போன்ற விவரங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அவற்றில் நேரத்தைச் செலவிடப் போவதில்லை.

நான் இதில் இணைப்பது பெரும்பாலும் 0.8 முதல் 1.2 மில்லிமீட்டர் வரையிலான 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. உதிரிபாகங்கள் கழுவும் தொட்டி, குளிர்விப்பு நீர்த் தொட்டி, துணிக்குச் சாயமேற்றும் தொட்டி போன்றவை. இந்தத் தகட்டின் குணத்தைச் சொல்லாமல் மெஷினின் குணத்தைச் சொல்ல முடியாது. சாதாரண இரும்புத் தகட்டோடு ஒப்பிட்டால் 304 ரகம் வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். சூடேறும்போது விரிவதோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கொடுத்த சூடு கொடுத்த இடத்திலேயே தங்கி, அந்த இடத்தை மட்டும் விரியச் செய்து, தகட்டை நெளித்துவிடும். ஆகவே இந்த வேலையில் திறமை என்பது பெரும்பாலும் தேவைக்கு மேல் ஒரு துளி சூடும் கொடுக்காமல் இருப்பதுதான்.

முதலில் மெஷினுக்குச் சேர வேண்டிய பாராட்டைக் குறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். ஆர்க் ஒருமுறை நிலைபெற்றுவிட்டால் இதன் ஓட்டம் மிகவும் நேர்த்தியானது. உச்ச கரண்ட் 45 ஆம்பியர், அடி கரண்ட் 15, நொடிக்கு இரண்டு துடிப்பு, உச்சத்தில் நிற்கும் நேரம் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 27 ஆம்பியரில் 1 மில்லிமீட்டர் தகட்டின் வெளிமூலையை ஃபில்லர் ராடு (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) மிகக் குறைவாகவே செலவாகும்படி ஓட்டிச் செல்ல முடிகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் உருகிய குட்டை விரிவதும், அடுத்த கணம் ஓரத்திலிருந்து உறைந்து சுருங்குவதும் முகக்கவசக் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியும். அந்தத் தாளத்துக்குக் கை தானாகவே இசைந்துவிடும்.

அதைவிட நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை, முடிவில் கரண்டை மெல்லத் தாழ்த்தும் இதன் டவுன்ஸ்லோப் குமிழ். வாங்கும்போது அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கரண்டைச் சட்டென்று வெட்டினால் குட்டையின் நடுவில் குழி விழுந்து, அந்தக் குழியில் நட்சத்திர வடிவில் நுண்ணிய விரிசல் ஓடும். தொட்டி சொட்டுச் சொட்டாகக் கசிவதற்கு இதுவே போதும். இந்த மெஷின் கரண்டை இரண்டு நொடிகளில் படிப்படியாகத் தாழ்த்தி ஆர்க்கை அணைக்கிறது. அணைந்த பிறகும் ஆர்கான் தொடர்ந்து வந்து, குட்டையும் டங்ஸ்டன் முனையும் செந்நிறம் மாறும்வரை காக்கிறது. இதில் போட்ட வெல்டிங் தையல் எதுவும் முடிவிடத்தில் கசிந்ததாக எனக்கு நினைவில்லை.

என் கோபமெல்லாம் தொடக்கத்தின் மேல்தான். கரண்டை 20 ஆம்பியரில் வைத்து டார்ச் பொத்தானை அழுத்துகிறேன். ஆர்கான் சீறுகிறது, முனையில் நீலப் பொறி படபடக்கிறது, ஆர்க் பிடிக்கிறது. பிடித்த அந்தக் கணத்தில், நான் வைத்த 20 ஆம்பியரைப் பொருட்படுத்தாமல், மெஷின் அதைவிடப் பல மடங்கு கரண்டை ஒருமுறை உந்தித் தள்ளுகிறது. ஆர்க் அணைந்துபோகாமல் உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக இப்படி வடிவமைக்கிறார்கள். 3 மில்லிமீட்டர் தகட்டில் இது கண்ணுக்கே தெரியாது. 0.8 மில்லிமீட்டர் தகட்டின் ஓரத்திலோ, சூடு வெளியேற ஒரே பக்கம்தான் இருப்பதால், ஓரம் பின்வாங்கிப் பிறை வடிவில் கடிபட்டதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு தகடுகளும் சேர வேண்டிய இடத்தில் இப்போது ஒரு துளை.

ஒரு துளைதானே, ஃபில்லரால் அடைத்துவிடலாமே என்று கேட்கலாம். அடைக்கலாம். ஆனால் அடைப்பதற்கு அந்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். கூடுதல் சூடு சேரும். வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய தையல் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். அந்த நிறம் வெறும் கறை அல்ல. தகட்டைத் துருவிலிருந்து காப்பது குரோமியம். அது ஆக்சைடாக மேலே வந்துவிட்டதால் அடியில் குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு நிற்கிறது என்பதன் அடையாளம் அது. உள்பக்கம் இன்னும் மோசம். பின்புறம் ஆர்கான் காப்பு இல்லாத இடத்தில் உருகிய உலோகம் காற்றைத் தொட்டு, கருகிப் பொரிந்து, சொரசொரப்பாக உறைகிறது. அழுக்கும் உப்பும் தங்குவதும், முதல் துருப்புள்ளி தோன்றுவதும் அங்கேதான். இதைச் சரிசெய்ய நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் கலந்த பிக்ளிங் பேஸ்ட் (கருகிய படலத்தை அரித்து நீக்கும் பசை) தடவ வேண்டியிருக்கும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலைக் கடந்து எலும்புவரை இறங்கிச் சேதம் செய்யக்கூடியது. கையுறை, முகக்காப்பு, கால்சியம் குளுகோனேட் களிம்பு ஆகிய எல்லாம் அருகில் இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. ஆர்க் பிடிக்கும் ஒரு கணத்தின் பிசகுக்காக வீட்டுப் பட்டறைக்குள் அந்த அமிலத்தைக் கொண்டுவர வேண்டியிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தக் குறை எத்தனை முறை எதிர்ப்படுகிறது என்பதுதான் முக்கியம். 400 மில்லிமீட்டர் நீளம், 300 அகலம், 300 உயரம் உள்ள மேல் திறந்த தொட்டி ஒன்றை ஐந்து தனித் தகடுகளால் செய்தால், அடிச்சுற்று 1,400 மில்லிமீட்டரும் நான்கு செங்குத்து மூலைகள் 1,200 மில்லிமீட்டருமாக மொத்தத் தையல் 2,600 மில்லிமீட்டர். தகடு நெளியாமலிருக்க 25 மில்லிமீட்டருக்கு ஒரு டேக் (தகடுகளைப் பிடித்துவைக்கும் சிறு புள்ளி வெல்டு) வீதம் வைத்தால் நூற்றுக்கும் மேல் டேக்குகள் வரும். ஒவ்வொரு டேக்கும் ஒரு தொடக்கம். அதாவது தொட்டி செய்பவருக்கு ஆர்க்கின் ஓட்டத்தைவிடத் தொடக்கம்தான் அன்றாட வேலை. விளம்பரத் தாளோ 200 ஆம்பியர் என்ற உச்சத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறது. அந்த உச்சம் எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

போர்டு மாற்றிய பிறகாவது இது சரியாகும் என்று நம்பினேன். ஆர்க் இப்போது முதல் அழுத்தத்திலேயே பிடிக்கிறது. அந்த வகையில் பழுதுநீக்கம் முழுத் திருப்தி. ஆனால் தொடக்க உந்தல் அப்படியே இருக்கிறது. பழைய போர்டிலும் புதிய போர்டிலும் ஒரேமாதிரி இருப்பதால், என் மெஷினில் மட்டும் நேர்ந்த கோளாறு என்று இதைக் கருத இடமில்லை, வடிவமைப்பே இப்படித்தான். 4டி முறையில் தொடக்கக் கரண்டைத் தனியாகக் குறைக்கும் வசதியும் இதில் இல்லை, காலால் அழுத்திக் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலை இணைக்கும் துளையும் இல்லை.

இருக்கிற மெஷினை வைத்துக்கொண்டு நான் செய்யும் மாற்றுவழிகளையும் சொல்ல வேண்டும். 2.4 மில்லிமீட்டர் டங்ஸ்டனை எடுத்துவிட்டு 1.0 மில்லிமீட்டரைப் போட்டு, நீளவாக்கில் கூராகத் தீட்டினால் ஆர்க் எளிதில் பிடிக்கிறது, கண் இமைக்கும் நேரத்தில் அணைத்தும்விடலாம்; கடிபடுவது கணிசமாகக் குறைகிறது. தையலுக்குப் பின்னால் தடித்த செம்புப் பட்டையை இறுக்கி வைத்தால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும், உள்பக்கம் பொரிவதையும் ஓரளவு தடுக்கும். நீளத் தையலைத் தொடங்கும்போது தகட்டின் மேல் நேரடியாக ஆர்க் பிடிக்காமல், முனையில் ஒட்டவைத்த ஒரு துண்டுத் தகட்டில் பிடித்து அங்கிருந்து உள்ளே இழுத்து வருகிறேன். டேக் வைக்கும்போது இது முடியாது.

உண்மையில் பலன் தந்த வழி தையலையே குறைப்பதுதான். அடியையும் இரண்டு நீளப் பக்கங்களையும் ஒரே தகட்டில் வளைத்துவிட்டால் 800 மில்லிமீட்டர் தையல் மிச்சமாகிறது; இரண்டு முனைத் தகடுகளின் சுற்று மட்டும் 1,800 மில்லிமீட்டர் மீதி. ஓரங்களை 2 மில்லிமீட்டர் வெளியே மடித்து, மடிப்பின் விளிம்பை ஃபில்லரே இல்லாமல் உருக்கிச் சேர்ப்பதும் இந்த மெஷினுக்கு ஒத்துவருகிறது, ஏனெனில் அங்கே கொஞ்சம் கடிபட்டாலும் கீழே உலோகம் இருக்கிறது. ஆனால் உள்பக்கத்தில் ஒரு நுண்ணிய இடுக்கு மிஞ்சும் என்பதால், உப்புநீர் நிற்கும் தொட்டிக்கு இந்த மடிப்பை நான் பயன்படுத்துவதில்லை. இடுக்கில் தேங்கும் குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் அரித்துவிடும்.

கசிவு பார்க்க, வெளிப்பக்கத் தையலில் சுண்ணாம்புக் குழம்பைப் பூசிக் காயவிட்டு, உள்பக்கத்தில் மண்ணெண்ணெய் தடவுகிறேன். தண்ணீர் புக முடியாத நுண்துளையிலும் மண்ணெண்ணெய் ஊடுருவி, வெள்ளைப் பூச்சில் கருமையான ஈரப் புள்ளியாக வெளிவரும். அப்படி வந்த புள்ளிகளைச் சுற்றி பென்சிலால் வட்டமிட்டுப் பார்த்தால், எல்லாமே டேக் தொடங்கிய இடங்கள்தான்.

இத்தனை பாராட்டுக்கும் பிறகு நண்பருக்கு நான் சொன்னது, இதை வாங்க வேண்டாம் என்பதே. 3 மில்லிமீட்டர் தகட்டில் சட்டகம் செய்பவராக அவர் இருந்திருந்தால் இதைத் தேடிப் பிடித்து வாங்கச் சொல்லியிருப்பேன். தொட்டிக்கு, உச்சம் 160 ஆம்பியராக இருந்தாலும் பரவாயில்லை. தொடக்கக் கரண்டைத் தனியாக அமைக்கும் வசதியும் கால் பெடலும் உள்ள மெஷினே வேண்டும். வாங்கும் இடத்துக்கு 0.8 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 20 ஆம்பியரில் வைக்கச் சொல்லி, அதன் ஓரத்தில் பத்து முறை ஆர்க்கைப் பிடித்து அணைத்துப் பாருங்கள். ஒருமுறை ஓரம் உருகி ஓடினாலும் அடுத்த மெஷினைக் காட்டச் சொல்லுங்கள்.